கண்புரை "முற்றட்டும்" என்று காத்திருக்கலாமா?



"கண்ணுல புரை விழுந்திருக்கு. இன்னும் முத்தல. முத்தட்டும், அப்புறமா பார்த்துக்கலாம்."

இந்தப் பேச்சைக் கேட்காத லயம் உண்டா? தோட்டத்தில் இருக்கும் பாட்டியும் இதைத்தான் சொல்கிறார். தோட்டத்தை விட்டுப் போய்ச் சிங்கப்பூரில் பிள்ளைகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கும் தாத்தாவும் இதைத்தான் சொல்கிறார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், "அந்தக் காலத்துல டாக்டரே சொன்னாரு" என்பார்கள்.

உண்மைதான். அந்தக் காலத்து டாக்டர் அப்படித்தான் சொன்னார். அன்றைக்கு அது நல்ல யோசனை. இன்றைக்கு அது கெட்ட யோசனை. நடுவில் என்ன மாறியது? இதைப் புரிந்துகொள்ள, கண்ணுக்குள்ளே புரை எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

பெயரில் குழப்பம் வேண்டாம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கண் மங்கினால் எல்லாவற்றையும் "புரை" என்றோ "பூ விழுந்துடுச்சு" என்றோ சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை வேறு வேறு கோளாறுகள்.

நாற்பது வயதுக்கு மேல் பத்திரிகையைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறோமே, அது வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் தீர்ந்தது. மூக்குப் பக்கத்திலிருந்து வெள்ளை விழியின் மேல் இறக்கை போலச் சதை படர்ந்து வருவது இன்னொன்று. வெயிலிலும் தூசியிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது அதிகம். கருவிழியின் மேல் புண் வந்து ஆறி, வெள்ளைத் தழும்பு நிற்பதுதான் பூ. இவை எல்லாம் கண்ணின் மேற்புறத்துச் சமாசாரம், வெள்ளெழுத்தைத் தவிர.

புரை என்பது மேலே படர்வதில்லை. அது கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை கலங்கிப் போவது. அதனால்தான் மேலே எதை ஊற்றினாலும், எதைத் தடவினாலும் புரை போகாது. "படலத்தை உரிச்சு எடுத்தாங்க" என்று சொல்கிறோமே, அதுவும் சரியல்ல. உரிப்பதற்கு அங்கே படலம் எதுவும் இல்லை.

வில்லை என்பது என்ன?

கண்ணின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறதல்லவா? அது பாப்பா, கண்மணி. உண்மையில் அது ஓர் ஓட்டை. வெளிச்சம் உள்ளே போகும் வாசல். அந்த வாசலுக்கு நேர் பின்னால் வில்லை இருக்கிறது. இங்கிலீஷில் லென்ஸ் என்கிறார்கள். லத்தீன் மொழியில் மைசூர்ப் பருப்புக்கு உள்ள பெயரே அது. பருப்பைப் போல இரண்டு பக்கமும் புடைத்திருப்பதால் அந்தப் பெயர். வளர்ந்த ஆளுக்கு அதன் அகலம் சுமார் 9 மில்லிமீட்டர், கனம் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

வில்லையின் வேலை, வெளிச்சத்தைக் குவித்துப் பின்னாலிருக்கும் விழித்திரையில் விழச் செய்வது. அதற்கு அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். ஆகவே அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால்தான் புரை வளரும்போது வலிப்பதில்லை. வலி இல்லாததால்தான் நாமும் கவனிப்பதில்லை.

வில்லையைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. ஒரு சின்னப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உறைக்குள், முன்பக்கத்தில் மட்டும், ஒரே அடுக்கு உயிரணுக்கள். மற்றதெல்லாம் நீளநீளமான இழைகள். செம்பனைத் தோட்டத்தில் நிரை பிடித்து நட்டிருக்கும் மரங்களைப் போல, இழைகள் ஒன்றையொன்று ஒட்டி ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. நிரை நேராக இருந்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெளிச்சம் தெரியும். மரங்கள் சாய்ந்து குறுக்கே விழுந்தால் தெரியாது. வில்லையின் தெளிவுக்கும் இந்த ஒழுங்கே காரணம்.

வைரம் பாய்கிற மரம்

நம் உடம்பில் தோல் உரிகிறது, முடி கொட்டுகிறது, பழைய ரத்த அணுக்கள் போய்ப் புதியவை வருகின்றன. வில்லை மட்டும் பழையதை வெளியே தள்ளுவதே இல்லை. ஓரத்தில் புது இழைகள் ஆயுள் முழுவதும் உண்டாகிக்கொண்டே இருக்கும். உறை மூடியிருப்பதால் பழையவை போக இடமில்லை. புது இழைகள் வெளியே சுற்றச் சுற்றப் பழையவை நடுவில் நெருக்கப்படும்.

மரத்தை அறுத்தால் வளையம் வளையமாகத் தெரியும். வெளிப்பக்கம் இளசு. நடுவில் வைரம் பாய்ந்து, கெட்டியாகி, நிறம் கறுத்திருக்கும். வில்லையும் அப்படித்தான். பிறந்தபோது இருந்த பகுதி இன்றும் நடுவிலேயே இருக்கிறது. எழுபது வயதுத் தாத்தாவின் வில்லை நடுவிலிருக்கும் புரதம் எழுபது வருஷப் பழசு. 2008ஆம் ஆண்டில் டென்மார்க் விஞ்ஞானிகள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய ஒருவகைக் கரியை அளந்து பார்த்து, வில்லையின் நடுப்புரதம் அந்த ஆள் பிறந்த காலத்திலேயே உருவானது என்று கண்டார்கள்.

இன்னொரு விஷயம். வெளிச்சத்துக்கு வழிவிட வேண்டும் என்பதற்காக, ஒவ்வோர் இழையும் முதிரும்போது தன் உள்ளே இருக்கும் கரு முதலான சாமான்களையெல்லாம் அழித்துவிடுகிறது. வீட்டுக்கு வெளிச்சம் வர அடுப்பையும் அம்மியையும் வெளியே போட்ட மாதிரி. வெளிச்சம் வரும், ஆனால் இனிமேல் அங்கே சமைக்க முடியாது. கெட்டுப்போன புரதத்துக்குப் பதிலாகப் புதியது செய்ய அந்த இழையால் முடியாது. பிறவியில் கிடைத்ததைக் கொண்டே கடைசிவரை ஓட்ட வேண்டும்.

மங்கில் பால் கட்டியாவது போல

வில்லையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். மற்றது பெரும்பாலும் தண்ணீர். இவ்வளவு புரதம் ஒன்றோடொன்று ஒட்டாமல், கரைந்த நிலையில் சீராகப் பரவி இருப்பதால் வெளிச்சம் தடையில்லாமல் போகிறது. ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை மரம் வெட்டுகிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மங்கில் விழும் பால் காலையில் நீராக ஓடுகிறது. வெயில் ஏற ஏறத் தானாகவே கட்டி தட்டுகிறது. ஸ்டோரில் ஆசிட் ஊற்றினால் சீக்கிரமே கெட்டியாகிவிடுகிறது. பாலில் தனித்தனியாக மிதந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் இது நடக்கிறது. கெட்டியான பிறகு யாராலும் அதைத் திரும்ப நீராக்க முடியாது. வில்லையிலும் புரதங்கள் இப்படித்தான் ஒட்டிக் கட்டியாகின்றன. ரப்பர்ப் பால் முதலிலேயே வெள்ளை, வில்லையோ முதலில் பளிங்கு. அந்த மாற்றத்துக்கு முட்டையின் வெள்ளைக்கருவை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சையாக இருக்கும்போது மறுபக்கம் தெரியும். வெந்ததும் வெள்ளை. வெந்த முட்டையை யார் பச்சை முட்டையாக்க முடியும்?

பால் கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிறோம் அல்லவா? வில்லையிலும் அப்படி ஒரு காவல் உண்டு. ஆல்ஃபா கிரிஸ்டலின் என்ற புரதம், குலைந்துபோகும் மற்றப் புரதங்களைப் பிடித்துக்கொண்டு, அவை ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. குளுட்டாதயோன் என்ற இன்னொரு பொருள், துரு ஏறுவது போன்ற கெடுதலிலிருந்து புரதங்களைக் காக்கிறது. ஆனால் ஆல்ஃபா கிரிஸ்டலினும் பிறவியில் கிடைத்த கையிருப்புதான். வருஷங்கள் போகப்போகச் செலவாகிவிடுகிறது. குளுட்டாதயோன் வில்லையின் வெளிப்பகுதியில் உண்டாகி நடுவுக்குப் போக வேண்டும். நடுவயதுக்கு மேல் அந்தப் போக்குவரத்து மந்தமாகிவிடுகிறது. காவல் குறைந்த நடுப்பகுதியில் புரதங்கள் ஒட்டத் தொடங்குகின்றன. நிறமும் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போகிறது.

மூன்று விதமான புரை

வில்லையில் எந்த இடம் கெடுகிறதோ அதற்கேற்றபடி தொல்லையும் மாறும்.

முதலாவது நடுப்புரை. வைரம் பாய்கிற புரை இது. தூரப்பார்வை மெல்ல மெல்ல மங்கும். நிறங்கள் மஞ்சள் தட்டித் தெரியும். நீலச் சேலைக்கும் கறுப்புச் சேலைக்கும் வித்தியாசம் தெரியாமல் பாட்டி குழம்புவார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நடுப்பகுதி கெட்டியாவதால் வில்லையின் சக்தி கூடி, கிட்டப் பார்வை தெளிந்துவிடும். "எங்க அப்பாவுக்கு எழுபது வயசுல கண்ணாடி இல்லாமலே ஊசி கோர்க்க முடியுது!" என்று மகன் பெருமையாகச் சொல்வார். பெருமைப்பட வேண்டாம். புரை வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். சில மாதம் கழித்து அந்தத் தெளிவும் போய்விடும். சிராங்கூன் சாலைக் கண்ணாடிக் கடையில் அடிக்கடி பவர் மாற்றிக்கொண்டு, "புதுக் கண்ணாடியும் சரியில்லை" என்று அலைகிறவர்களும் இந்தப் புரையைச் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது ஓரப்புரை. வெளிப்பகுதி இழைகளின் சுவர் கிழிந்து, தண்ணீர் புகுந்து, வெடிப்பு விடுகிறது. சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைப் போல, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளைக் கீற்றுகள் ஓடும். கீற்றுகள் நடுவை எட்டும்வரை ஒன்றும் தெரியாது. எட்டியதும் இரவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் விளக்கு சிதறிக் கண்ணைக் கூசும்.

மூன்றாவது பின்புறப் புரை. ஓரத்து உயிரணுக்கள் வழிதவறி, உறையின் பின்பக்கத்துக்கு ஊர்ந்து போய், அங்கே உப்பி உட்கார்ந்துகொள்கின்றன. வெளிச்சம் போகும் பாதையின் நடுவே இது உட்காருவதால், சின்னதாக இருந்தாலும் தொல்லை பெரிது. வெயிலில் பாப்பா சுருங்கும்போது பார்வை மோசமாகும், நிழலில் கொஞ்சம் தேவலை. வானத்தைப் பார்த்துக் குலை அறுக்கிறவருக்கு இது வந்தால் வேலையே ஓடாது. மற்ற இரண்டையும்விட வேகமாக வளரக்கூடியதும் இதுதான்.

ஒருவருக்கே இரண்டு மூன்று வகையும் சேர்ந்து வருவது உண்டு.

நம்மவர்களுக்கு ஏன் கவலை?

வயது எல்லாருக்கும் ஏறும். அதை நிறுத்த முடியாது. ஆனால் புரையை விரைவாக்கும் காரணங்கள் சில இருக்கின்றன.

சிங்கப்பூரில் 1997இல் அமைந்த கண் ஆராய்ச்சிக் கழகம், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களை இனவாரியாகச் சோதித்தது. 2004 முதல் 2006 வரை மலாய்க்காரர் 3,280 பேர். 2007 முதல் 2009 வரை இந்தியர் 3,400 பேர். 2009 முதல் 2011 வரை சீனர் 3,353 பேர். மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல். அந்த இந்தியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனிப்புநீர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இந்த நோய் ஓரப்புரையையும் பின்புறப் புரையையும் கூட்டுகிறது. சர்க்கரை கூடிய ரத்தத்தால் வில்லைக்குள்ளும் சர்க்கரை ஏறி, தண்ணீரை இழுத்து, இழைகளைக் கெடுக்கிறது. தேக்காவில் தேத்தண்ணி குடிக்கிறவரானாலும் சரி, தோட்டத்துக் கடையில் குடிக்கிறவரானாலும் சரி, சீனியைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்வது காலுக்காக மட்டுமல்ல, கண்ணுக்காகவும்தான்.

அடுத்தது வெயில். 1988இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 மீனவர்களைச் சோதித்திருந்தார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதிகம் பட்டவர்களுக்கு ஓரப்புரை கூடுதல் என்று தெரிந்தது. அகன்ற விளிம்புள்ள தொப்பி, கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி இரண்டும் அந்தக் கதிரைப் பெரிதும் குறைக்கும்.

புகை பிடிப்பது நடுப்புரையைக் கூட்டும். ஸ்டெராய்டு கலந்த மருந்துகளை டாக்டர் கேட்காமல் மாதக்கணக்கில் தின்பதும், கண் சிவந்தபோதெல்லாம் கடையில் வாங்கிய ஸ்டெராய்டுச் சொட்டு மருந்தை விடுவதும் பின்புறப் புரைக்கு அழைப்பு வைப்பது போல. மூட்டுவலிக்கு "ஒரே நாள்ல கேட்குது" என்று பெயரில்லாத மாத்திரை விற்கிறார்களே, அதிலும் ஜாக்கிரதை.

முற்றினால் என்ன ஆகும்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். காத்திருந்தால் வில்லையில் என்ன நடக்கும்?

வெளிப்பகுதி இழைகள் தண்ணீரை இழுத்து வில்லை உப்பும். உப்பிய வில்லை முன்னால் தள்ளி, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியை அடைக்கும். அப்போது கண்ணின் அழுத்தம் திடீரென்று ஏறும். கண் சிவக்கும், தாங்க முடியாத வலி வரும், வாந்தியும் வரும். இது ஒரு விதம்.

அப்படி ஆகாமல் போனாலும் வில்லை முழுவதும் வெள்ளையாகும். தெருவில் எதிரே வருகிறவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். இதைத்தான் "முத்திடுச்சு" என்கிறோம். இன்னும் விட்டால் வெளிப்பகுதி கூழாகிக் கரைந்து, கெட்டியான பழுப்பு நடுப்பகுதி அதில் கல் மாதிரி அடியில் போய் நிற்கும். கூழான புரதம் உறையிலிருந்து கசிந்தால் அது நீர்வழியை அடைத்து, மறுபடியும் அழுத்தம், மறுபடியும் வலி. அழுத்தம் கண் நரம்பைக் கெடுத்துவிட்டால், பிறகு புரையை எடுத்தாலும் பார்வை திரும்பாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வில்லை வெள்ளையாகிவிட்டால் டாக்டரால் அதைத் தாண்டி உள்ளே பார்க்க முடியாது. நீரிழிவு விழித்திரையைக் கெடுத்திருக்கிறதா, கண் அழுத்த நோய் நரம்பைக் கெடுத்திருக்கிறதா என்பது மறைந்துபோகும்.

அந்தக் காலத்தில் ஏன் காத்திருந்தார்கள்?

நம் தாத்தாக்கள் முட்டாள்கள் அல்ல. அன்றைய ஆபரேஷன் அப்படி. கண்ணைப் பாதி வட்டத்துக்கு வெட்டித் திறந்து வில்லையை எடுத்தார்கள். பல காலம் உறையோடு சேர்த்தே எடுத்தார்கள். பிறகு தையல். தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாள்கணக்கில் படுக்கை. வில்லை இல்லாத கண்ணுக்குச் சோடா புட்டி அடி மாதிரிக் கனமான கண்ணாடி. அதில் எல்லாம் பெரிதாகவும் கிட்டேயும் தெரியும். படியில் கால் வைத்தால் தடுமாறும். இவ்வளவு சிரமப்பட்டு இந்தப் பார்வைதான் கிடைக்கும் என்றால், இருக்கிற பார்வை முழுதும் போகட்டும் என்று காத்திருப்பது நியாயம்தானே? முற்றாத புரையில் வெளிப்பகுதி பிசினாக ஒட்டிக்கொண்டு சுத்தமாக வராது என்பதும் ஒரு காரணம்.

இதை மாற்றியவர் பெயர் ரிட்லி. நமக்கு ஒரு ரிட்லியை ஏற்கெனவே தெரியும். 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்ப் பூமலையின் தலைவராக இருந்து, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டு, "ரப்பர் நடுங்கள்" என்று தோட்ட முதலாளிகளை விடாமல் நச்சரித்தவர் ஹென்றி ரிட்லி. நம் பாட்டன்மார் கப்பல் ஏறி வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. இவர் வேறொருவர், லண்டன் கண் டாக்டர் ஹெரால்டு ரிட்லி.

இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருந்தது. குண்டடி பட்டு அது நொறுங்கியபோது விமானிகளின் கண்ணுக்குள் துண்டுகள் புகுந்தன. அந்தத் துண்டுகள் கண்ணை உறுத்திப் புண்ணாக்காமல் சும்மா கிடந்ததை ஹெரால்டு ரிட்லி கவனித்தார். அப்படியானால் இதே பொருளில் வில்லை செய்து கண்ணுக்குள் வைத்தால் என்ன? 1949 நவம்பர் 29ஆம் நாள், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார். பல டாக்டர்கள் அவரை எதிர்த்தார்கள். கடைசியில் அவர் வழிதான் வென்றது.

1967இல் அமெரிக்க டாக்டர் சார்ல்ஸ் கெல்மன் அடுத்த வழியைக் காட்டினார். ஊசி போன்ற கருவியின் முனை மிக வேகமாக அதிரும். அந்த அதிர்வால் வில்லையைப் பொடியாக்கி உறிஞ்சி எடுத்தார். பெரிய வெட்டு தேவையில்லாமல் போனது. செயற்கை வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தபோது, டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலை மூலம் வில்லைகளைத் தானே குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது.

இன்றைய ஆபரேஷன்

இப்போது பெரும்பாலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் வெட்டு போதும். உறையின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறந்து, உள்ளே இருக்கும் கலங்கிய வில்லையை உடைத்து உறிஞ்சுவார்கள். பை அப்படியே இருக்கும். மடித்த பிளாஸ்டிக் வில்லையை அந்தப் பைக்குள் விட்டால் அது தானே விரிந்துகொள்ளும். பெரும்பாலோருக்குத் தையல் வேண்டாம். மயக்க மருந்தும் வேண்டாம், மரத்துப்போகச் சொட்டு மருந்தோ ஊசியோ போதும். அன்றே வீட்டுக்குப் போகலாம்.

இங்கேதான் நம் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வில்லை கொஞ்சம் இளசாக இருந்தால் எளிதில் பொடியாகும். வைரம் பாய்ந்து கல்லானால் உடைக்க அதிக அதிர்வு வேண்டும். அந்த அதிர்வு கருவிழியின் உட்புறத்து உயிரணுக்களைக் கெடுக்கலாம். அந்த அணுக்கள் திரும்ப வளராதவை. முற்றிய புரைக்கும் ஆபரேஷன் உண்டு, பார்வையும் வரும். ஆனால் சிரமமும் ஆபத்தும் கூடுதல். அன்று முற்றிய புரை டாக்டருக்கு வசதி. இன்று முற்றாத புரையே வசதி.

அதற்காகப் புரை தெரிந்த மறுநாளே ஓட வேண்டும் என்பதில்லை. அன்றாட வேலைக்குத் தடையாகும்போது செய்துகொள்ளலாம். புரை எவ்வளவு வெள்ளை என்பதைவிட, உங்களுக்கு எவ்வளவு தொல்லை என்பதையே டாக்டர் கேட்பார். மரம் வெட்டுகிறவர் பட்டையில் ஆழம் தெரியாமல் காயம் போடத் தொடங்கினால் அதுவே போதிய காரணம். "வேலையில கவனமில்லை" என்று மண்டோரிடம் ஏச்சு வாங்குகிற வயதான தொழிலாளி இருந்தால், தோழர்களே, முதலில் அவர் கண்ணைப் பாருங்கள். குறை கையில் இல்லாமல் கண்ணில் இருக்கலாம்.

எங்கே போவது?

சிங்கப்பூரில் இருப்பவர்கள் முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அந்தக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் சலுகைக் கட்டணம். ஊட்ரமில் 1990இல் தொடங்கிய தேசியக் கண் நிலையம் இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து அதிக தூரமில்லாத டான் டோக் செங் மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற நீ சூன் வட்டாரம் இன்று ஈசூன் நகரம். அங்கே 2010இல் வந்த கூ டெக் புவாட் மருத்துவமனையிலும் கண் பார்க்கிறார்கள். புரை ஆபரேஷனுக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். பிள்ளைகளின் மெடிசேவும் பெற்றோருக்கு உதவும்.

மலேசியத் தோட்டங்களில் இருப்பவர்கள் இதற்காகப் பாலம் தாண்ட வேண்டியதில்லை. அங்கே வெளிநாட்டாருக்குச் சலுகை கிடையாது. அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி, கண் பிரிவுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தென்ஜொகூர்க்காரர்களுக்கு ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனை இருக்கிறது. சம்பளம் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. டாக்டரின் சீட்டு அவசியம்.

சில கேள்விகள்

"சொட்டு மருந்துல கரையாதா?" கரையாது. புரையைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. தேன், தாய்ப்பால், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். கிருமி சேர்ந்தால் உள்ளதும் போகும்.

"எடுத்த புரை திரும்ப வருமா?" வராது. வில்லையே இல்லாத இடத்தில் புரை எப்படி வரும்? சிலருக்குச் சில மாதமோ சில வருஷமோ கழித்து மறுபடியும் மங்கும். விட்டுவைத்த உறையில் மிஞ்சிய உயிரணுக்கள் பின்பக்கம் பரவுவதே காரணம். லேசர் கதிரால் சில நிமிடத்தில் அதைத் திறந்துவிடுவார்கள். கத்தி வேண்டாம்.

"எனக்கு எண்பது வயசு, இனிமே எதுக்கு?" பாட்டி, விழுந்து இடுப்பு உடைந்தால் மருமகள்தானே தூக்க வேண்டும்? பேரப்பிள்ளை முகத்தைத் தெளிவாகப் பார்க்க வயது ஒரு தடையா?

"ஆபரேஷன் செய்தால் எப்போ வேலைக்குப் போகலாம்?" வீட்டு வேலை சில நாளில் செய்யலாம். குலை தூக்குவது, பால் வாளி சுமப்பது, தூசியில் நிற்பது ஆகியவற்றுக்குச் சில வாரம் பொறுக்க வேண்டும். நாள் கணக்கை டாக்டர் சொல்வார். அதுவரை கண்ணைக் கசக்காதீர்கள். அழுக்குத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்கள். வலி கூடினாலோ பார்வை குறைந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்றே செய்யுங்கள்

சுவரில் காலண்டரை மாட்டிப் பத்தடி தள்ளி நில்லுங்கள். தூரக் கண்ணாடி உள்ளவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடிப் படியுங்கள். பிறகு அடுத்த கண். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண், கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஒன்று மங்கலாக இருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்ட வேண்டும். பார்வை திடீரென்று போனாலோ, கண் சிவந்து வலியோடு வாந்தி வந்தாலோ, "இது புரைதான்" என்று வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே ஓடுங்கள்.

உலகத்தில் கண் தெரியாமல் போகிறவர்களுக்கு முதல் காரணம் இன்றும் கண்புரையே. ஒரு நாள் ஆபரேஷனில் திருத்தக்கூடிய கோளாறு இது. அப்படியிருந்தும் "முத்தட்டும்" என்ற ஒரு சொல்லால் நம் பெரியவர்கள் வருஷக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் லயத்திலோ, உங்கள் அடுக்குமாடித் தளத்திலோ அப்படி ஒருவர் இருக்கிறாரா? கிளைத் தலைவரிடம் பெயரைக் கொடுங்கள். கிளினிக்குக்குக் கூடப் போக ஆள் இல்லை என்றால், நீங்களே ஒரு காலைப் பொழுது அவரோடு போங்கள்.